புஷ்பராணி கெடுக்காத குழாய்

செய்தி வந்தபோது நான் கோயம்புத்தூரில் என் வீட்டுச் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். குன்னூர் மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் கூப்பிட்டார். "டாக்டர், நம்ம புஷ்பராணி அக்கா தவறிட்டாங்க. ஓ.பி. சீட்டு எழுதுவாங்களே, அவங்க" என்றார். எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று கடைசி வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார், பாவம். நான் புளிக் கையோடு அப்படியே நின்றேன். அந்தப் பெண்ணுக்குப் புஷ்பராணியைச் சீட்டு எழுதியவராகத்தான் தெரியும். அதற்குக் காரணம் நான்.

மருத்துவமனையில் இரங்கல் கூட்டம் வைக்கிறோம், ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். "உங்களுக்குத்தானுங்க அவங்கள நல்லாத் தெரியும்" என்றார்கள். தெரியும். அதனால்தான் ஒரு பக்கத்தில் முடியவில்லை. கூட்டத்துக்கு வருகிற பழைய ஆட்களுக்கு ஒரு கதை ஞாபகம் இருக்கும். புஷ்பராணி லேபில் இருந்தபோது ஒரு நோயாளியின் குழாயைக் கெடுத்துவிட்டார், மெமோ வாங்கினார், பிறகு சீட்டு எழுதப் போனார் என்று. அந்தக் கதை பொய். அதைக் கிளப்பிவிட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

புஷ்பராணி சிறுமியாகக் கப்பலில் வந்தவர். அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள். வந்த இடத்திலும் அதே கொழுந்து பறிப்பு, அதே லயத்து வரிசை வீடு. அவர் மட்டும் படித்து லேப் டெக்னீசியன் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்தார். டீயைக் கடைசிவரை தேத்தண்ணி என்றுதான் சொன்னார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் அக்கா. நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். டாக்டர் அல்லவா நான்.

மழைக்காலத்தில் குன்னூரில் இரண்டு வாரம் போடாமல் வைத்த செருப்பை எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பூசணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டியில் வரும், கைப்பையில் வரும், பெட்டியில் இருக்கும் பட்டுப்புடவையில் வரும். சட்டம் போட்டு மாட்டியிருந்த என் எம்.டி. சான்றிதழிலேயே படர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில், நோயாளியின் சீழை, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய கண்ணாடிக் குழாயில் தடவி வைத்தால், நோய்க் கிருமி வளர்வதற்கு முன்னால் காற்றில் வந்த பூசணம் முந்திக்கொள்ளும். ஆகவே எங்கள் லேபில் ஒரு பழக்கம் இருந்தது. குழாயில் கம்பளி மாதிரி ஏதாவது தெரிந்தால், "காத்துப் பூசணம்" என்று சொல்லிக் குக்கரில் போட்டுவிடுவோம். குக்கர் என்றால் நிஜமாகவே பிரஷர் குக்கர்தான். வேண்டாத குழாய்களை அதில் வேகவைத்துத்தான் கழுவுவோம்.

புஷ்பராணிக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ஒவ்வொரு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேக்காம எப்படி டாக்டர் வெளிய அனுப்புறது? பூசணத்துக்கும் ஊர் பேர் இருக்கும்ல" என்பார். "அப்படியே அதுக்கொரு ரேஷன் கார்டும் வாங்கிக் குடுத்துருங்க" என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண் அதைச் சொல்கிறார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஊர் பேர் கேட்பதற்கு அவரிடம் ஒரு நிதானமான வழி இருந்தது. பூசணத்தை ஊசியால் கிள்ளி எடுத்துப் பார்த்தால் அதன் உருவம் கலைந்துவிடும். அதனால் கூழைச் சின்னச் சதுரமாக வெட்டி, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஓரத்தில் பூசணத்தைத் தொட்டுவிட்டு, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடிவிடுவார். அது தன் போக்கில் வளர்ந்து மேல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சில நாள் கழித்து அந்தக் கண்ணாடியை எடுத்து நீலச் சாயத்தில் வைத்துப் பார்த்தால் காம்பு, நுனி, வித்து எல்லாம் கலையாமல் தெரியும். எங்களிடம் படம் எடுக்கும் கருவி கிடையாது. ஒரு கண்ணால் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே நோட்டில் பென்சிலால் வரைவார். நான் வெட்டினால் சதுரம் கோணிக்கொள்ளும். அவர் வெட்டினால் மைசூர்பாகு வில்லை மாதிரி இருக்கும்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த ஆண்டுகள் அவை. பல தோட்டங்களில் கவ்வாத்து வெட்ட ஆள் விடவில்லை. செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து, நடுவில் உண்ணிமுள் புதர் புகுந்துவிட்டது. பிக்கட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் காளியம்மா. அவருடைய தோட்டத்தில் வேலை நின்றுபோய், அந்த உண்ணிமுள்ளை வெட்டி விறகாக விற்கப் போனவர். விரலில் முள் ஏறியது. முதலில் ஒரு புண். பிறகு விரலிலிருந்து முன்கை வழியாக, பாசிமணி கோத்தது போலக் கட்டிகள் வரிசையாக மேலே ஏறின. வேறு இடத்தில் காசநோய் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள், கேட்கவில்லை. லயத்தில் பெருநோய் என்று பேசி, அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

கட்டியில் லேசாக வெட்டி எடுத்ததைக் குழாயில் போட்டோம். ஒரு வாரத்தில் வெளுப்பாக வந்து, சுருங்கி, ஓரம் கறுத்தது. நான் வழக்கம்போலக் காத்துப் பூசணம் என்றேன். புஷ்பராணி தன் சதுரத்தை வெட்டி வளர்த்துக் காட்டினார். மெல்லிய நூல், அதன் நுனியில் குட்டிப் பூச்செண்டு மாதிரி வித்துகள். முள்ளிலும் மண்ணிலும் இருந்து தோலுக்குள் போகும் ஒரு பூஞ்சைக்கு அப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் பூச்செண்டு மட்டும் போதாது. ஆபத்தில்லாத சில பூசணங்களும் அப்படித்தான் தெரியும். இந்தப் பூஞ்சையின் குணம் வேறு. குளிரில் நூலாக இருக்கும். மனித உடம்பின் சூட்டில் நூலை விட்டுவிட்டு மொட்டு விடும் சின்ன மணிகளாக மாறிவிடும். அந்த மாற்றத்தை லேபில் கண்ணால் பார்த்தால்தான் இதுதான் என்று எழுதலாம். ரத்தம் கலந்த கூழில் வைத்து, சூட்டுப்பெட்டியில் முப்பத்தேழு டிகிரியில், சில நாளுக்கொரு முறை புதுக் குழாய்க்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். "சூடு மாறாம இருந்தாத்தான் டாக்டர் அது மாறும்" என்று புஷ்பராணி சொல்வார். அவர் அந்த வேலையைத் தொடங்கி, குழாயில் பெயர் ஒட்டி, கீழே "எறிய வேண்டாம்" என்றும் எழுதி வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை லேபைப் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. சனிக்கிழமை புஷ்பராணி லீவு. தம்பி வீட்டில் ஏதோ விசேஷம். நான் ஒருத்தியாகவே அலமாரியையும் சூட்டுப்பெட்டியையும் சுத்தம் செய்தேன். கறுப்பும் சாம்பலுமாகப் பூசணம் பிடித்த குழாய்கள் ஒரு தாங்கி நிறைய இருந்தன. ஒரு லேபிளையும் படிக்கவில்லை. மொத்தத்தையும் குக்கரில் கவிழ்த்து, மூடி, விசில் வரும்வரை நின்றேன். லேப் பளிச்சென்று ஆகிவிட்டது என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலையில் புஷ்பராணி அலமாரியில் தேடினார், சூட்டுப்பெட்டியில் தேடினார், மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். "காளியம்மா குழாய எங்க வச்சேன்னு தெரியலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் பெரிய டாக்டர் வெளியாட்களோடு உள்ளே வந்துவிட்டார். "அந்தப் பிக்கட்டிக் கேஸ் கல்ச்சர் என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான், "டெக்னீசியன் கையில கெட்டுப்போச்சுங்க சார்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்யல்ல. ஆனால் நாக்கில் தயாராக இருந்திருக்கிறது. எங்கள் கோவைப் பேச்சில் திட்டினால்கூட ஒரு 'ங்க' சேர்ப்போம். அவர்கள் போன பிறகு, "பொறுப்பா வைக்கத் தெரியாதா புஷ்பராணி?" என்றும் ஒரு வார்த்தை கேட்டேன். அதில் 'ங்க' இல்லை.

என் வேலை போயிருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குழாயை எறிந்ததற்காக யாரும் டாக்டரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நாலு பேர் முன்னால் அசடு வழிந்திருப்பேன், அவ்வளவுதான். அந்த அசட்டுத்தனத்துக்குப் பயந்துதான் இன்னொருத்தரின் பெயரைக் கொடுத்தேன்.

மெமோ வந்தது. புஷ்பராணி கையெழுத்துப் போட்டு, "மன்னிச்சிருங்க, இனிமே நடக்காது" என்று பெரிய டாக்டரிடம் சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. குக்கரைத் திறந்து கழுவுவது அவர் வேலை. ஆகவே அந்தக் குழாயை அவர் அதில் பார்த்திருப்பார், எல்லாம் தெரிந்துதான் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

காளியம்மாவைத் திரும்ப அழைத்து வர அவரே பஸ் ஏறிப் பிக்கட்டிக்குப் போனார். அதற்குள் கட்டி முழங்கையைத் தாண்டியிருந்தது. "மறுபடியும் வெட்டணுமாம்மா?" என்று காளியம்மா அழுதார். புஷ்பராணி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "போன தடவ என் கையில கெட்டுப்போச்சு தங்கச்சி. இந்தத் தடவ அது என்னை விட்டு எங்கேயும் போகாது" என்றார். நான் கத்தியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எனக்காக எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது பேச்சுக்கல்ல. அந்த மாதங்களில் மின்சாரம் நினைத்தபோது போகும். சூட்டுப்பெட்டி குளிர்ந்தால், மணியாக மாறத் தொடங்கியது மறுபடியும் நூலாகிவிடும். ஒரு நாள் மதியம் புஷ்பராணி குனியாமல் விறைப்பாக நடப்பதைப் பார்த்து, "ஏனுங்க, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு புடவைக் கொசுவத்தின் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியை உருவினார். தம்பி மகள் வசந்தியின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ். உள்ளே பஞ்சும் கம்பளித் துணியும் சுற்றிக் காளியம்மாவின் குழாய். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர்.

"என்னங்க இது? தொத்திக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"கரண்டு போனா பெட்டிக்குத்தான் டாக்டர் குளிரும். எனக்குக் குளிராதுல்ல. முப்பத்தஞ்சுக்குக் கீழ எறங்கவே இல்ல, பாருங்க."

விதிப்படி அது பெரிய தப்பு. நோய்க் கிருமியை உடம்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். நான் தடுத்திருக்க வேண்டும். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பார்க்காதது போல இருந்துகொண்டேன். நல்லது நடந்தால் லேபுக்கு, கெட்டது நடந்தால் அவருக்கு என்று என் மனசு கணக்குப் போட்டிருக்கும்.

குழாய் மாற்றி, குழாய் மாற்றி, ஒவ்வொரு நாளும் வரைந்தார். நோட்டில் முதல் நாள் நீள நூல். பிறகு நூல் துண்டு துண்டாகிறது. பிறகு துண்டுகள் பருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், நீங்க மொதல்ல பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். பார்த்தேன். நூல் ஒன்றுகூட இல்லை. சுருட்டு மாதிரி நீண்டு உருண்ட சின்னச் சின்ன மணிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு மொட்டு. நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கண் கலங்கி, "கெடாம வந்துருச்சு" என்றார். காளியம்மாவுக்கு அயோடைடு சொட்டு மருந்து எழுதினோம். தேத்தண்ணியில் விட்டுக் குடித்து, சில மாதங்களில் கட்டி வற்றியது. அடுத்த முறை வந்தபோது கையை வெளியே விட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கேஸைக் கோயம்புத்தூரில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் நான் படித்தேன். புஷ்பராணியின் படங்களைச் சுவரில் காட்டினேன், பெயரைச் சொல்லாமல். "மலையில இருக்கிற மின்வெட்டுல எப்படிங்க சூட்டைக் காப்பாத்தினீங்க?" என்று ஒருவர் கேட்டார். "கவனமாப் பாத்துக்கிட்டோம்" என்றேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் மருத்துவமனையே ஆட்டம் கண்டது. தோட்டங்கள் தொழிலாளர்களை எங்களிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டன, வார்டு காலி. லேபில் இரண்டு டெக்னீசியனுக்கு ஒருவர் போதும் என்றார்கள். மெமோ இருப்பவரை வெளியே மாற்றுவது என்று பெரிய டாக்டர் முடிவு செய்து, "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா டாக்டர்?" என்று என்னைக் கேட்டார். உண்டு என்றால் ஏன் என்று கேட்பார். "இல்லைங்க சார்" என்றேன். லேபை விட்டுப் போகும்போது புஷ்பராணி தன் மேசையைத் துடைத்து, கத்தி, ஊசி, கண்ணாடித் துண்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். ஓய்வு பெறும்வரை வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதினார்.

அங்கேயும் அவர் கண் சும்மா இருக்கவில்லை. கையில் வரிசையாகக் கட்டியோடு யாராவது வந்தால், சீட்டின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னச் சுருட்டு வடிவம் வரைந்து, அதில் ஒரு மொட்டு வைத்து அனுப்புவார். பூசணம் இருக்கிறதா பார் என்று எனக்குச் சேதி. பார்த்தேன், சிலருக்கு இருந்தது. அந்தச் சீட்டு என் மேசைக்கு வரும்போதெல்லாம் எழுந்து போய் வாசலில் இருக்கும் அந்த மனுஷியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கோயம்புத்தூருக்கே வந்துவிட்டேன்.

இத்தனை வருஷமும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. புஷ்பராணிக்குத் தெரியும், தெரிந்தே மன்னித்துவிட்டார் என்பதுதான் அது. இறந்த மூன்றாம் நாள் குன்னூருக்குப் போய் அவர் வீட்டில் உட்காரும்வரை அந்த ஆறுதல் என்னிடம் இருந்தது.

வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். இப்போது பள்ளிக்கூட ஆசிரியை. "அத்தை உங்களப் பத்தித்தான் டாக்டரம்மா அடிக்கடி பேசும்" என்றார். "வேலையில ஒரே ஒரு தப்புதான் பண்ணுனேன்னு சொல்லும். ஒரு பொம்பள குழாயக் கெடுத்துட்டேன், எப்படிக் கெட்டுச்சுன்னே இன்னிக்கு வரைக்கும் தெரியல, அதனால அவளுக்கு மறுபடியும் கட்டிய வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சுன்னு. கடைசி மாசம் படுக்கையில கிடக்கும்போதுகூட, அந்தச் சனிக்கிழமை நான் லீவு போடாம இருந்திருக்கணும்னு சொல்லுச்சு. ஆனா டாக்டரம்மா ஒரு வார்த்தைக்கு மேல திட்டல, வேற யாராச்சும்னா வேலையவிட்டே எடுத்திருப்பாங்க, அவங்களக் கும்பிடணும்னு சொல்லும்."

குக்கரின் ஆவியில் லேபிள்கள் உரிந்து போயிருக்கும். வெந்த குழாய்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். காணாமல் போன குழாய் தன் கையில்தான் கெட்டிருக்கும் என்று, நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கிறார். இதை யோசிக்க எனக்கு இத்தனை வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. புஷ்பராணிக்கு எதுவும் தெரியாது. மன்னிக்க அவருக்கு எதுவுமே இருந்திருக்கவில்லை. "என் கையில கெட்டுப்போச்சு" என்று காளியம்மாவிடம் சொன்னது எனக்காகச் சொன்ன பொய் அல்ல. நம்பிச் சொன்னார். இன்னொரு முறை கெட்டுவிடக் கூடாது என்று இடுப்பில் கட்டிக்கொண்டார். என்னிடம் வேலை பார்த்தவர்களிலேயே கவனமானவர், தன்னைக் கவனம் இல்லாதவர் என்று நம்பிக்கொண்டே செத்துப்போனார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது வசந்தி அந்த ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து, "அத்தை ஞாபகமா நீங்க வச்சுக்குங்க" என்றார். கம்பளித் துணி இன்னும் உள்ளே இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். பொய்யோடு இதையும் வாங்கிக்கொண்டு மலை இறங்கினேன்.

இதைக் கூட்டத்தில் வாசிப்பவரிடம் ஒரு வேண்டுகோள். இந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டாம். காளியம்மாவின் குழாயை எறிந்தவள் நான். புஷ்பராணி அக்கா தன் வாழ்நாளில் ஒரு குழாயையும் கெடுக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எதையும் வெளியே அனுப்பாதே என்ற பேச்சும், இந்தத் தகரப் பெட்டியும். பேச்சை நான் வைத்துக்கொள்கிறேன், தகுதி இல்லாவிட்டாலும். பெட்டி வசந்தியுடையது. இதைக் கேட்ட பிறகும் அது என்னிடம் இருக்கட்டும் என்று வசந்தி சொன்னால் வைத்துக்கொள்வேன். இல்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். நானே மேலே வந்து கொடுத்துவிடுகிறேன்.